எந்தக் காலத்து மல்லர் பெரியர்?

தருமபுரி அகழ்வைப்பகத்துக்குச் சென்றவர்கள் அங்கே வரிசையாக நிற்கும் நடுகற்களைக் கண்டிருப்பீர்கள். பல்லவர் காலத்துக் கல் ஒன்று. அதற்குச் சில நூற்றாண்டுகள் பிற்பட்ட கல் மற்றொன்று. ஒன்றில் வீரன் வில்லேந்தி நிற்கிறான். மற்றொன்றில் வாளை ஓங்கியிருக்கிறான். இரண்டையும் மாறி மாறிப் பார்க்கும் இளைஞனின் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுவது இயல்பே: இவ்விருவரும் ஒரே களத்தில் எதிர்ப்பட்டிருந்தால் வென்றிருப்பவன் எவன்?

இதைச் சிறுபிள்ளைத்தனமான கேள்வி என்று ஒதுக்கிவிடுவதற்கில்லை. வயதும் அனுபவமும் நிரம்பிய பெரியோர்களே குத்துச்சண்டை வீரர்களைப் பற்றி இதே கேள்வியை ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் கேட்டு வருகின்றனர். அதிலும் ‘ஹெவிவெயிட்’ எனப்படும் மிகை எடைப் பிரிவைப் பற்றிய வழக்கு ஓய்ந்தபாடில்லை. ஜாக் ஜான்சன் பெரியரா, ஜாக் டெம்ப்சி பெரியரா? ஜோ லூயியை வெல்லவல்லவர் உண்டா? முகமது அலியின் முன் ராக்கி மார்சியானோ நின்றிருக்க முடியுமா? இவர்களிற் பலர் ஒருவரையொருவர் களத்திற் கண்டதேயில்லை. ஒருவர் முதுமையடைந்தபோது மற்றவர் தொட்டிலில் கிடந்தார். ஆயினும் வழக்கு நடந்துகொண்டேயிருக்கிறது. அவ்வழக்கின் சாட்சிகளைச் சற்று விசாரித்துப் பார்ப்பதே இன்று நான் செய்யப்புகும் வேலை.

முதற்சாட்சி கல்லே ஆகட்டும். நடுகல் நமக்குச் சொல்வன சிலவே. எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, வீரன் இன்னான், அவன் தொறு மீட்கும்போது பட்டானா கவரும்போது பட்டானா என்பவற்றோடு அது நின்றுவிடுகிறது. நம் அண்டை மாவட்டமான திருவண்ணாமலையில் எடுத்தனூர்க் கல் என்று ஒன்றுண்டு. மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அதில் கருந்தேவக்கத்தி என்னும் வீரனின் அருகே அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன் என்றும், அது கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் எழுத்து இருக்கிறது. நாயின் பெயரையும் மறவாத அந்த ஊரார், அந்த வீரன் எவ்வாறு பொருதான், அவன் கைவேகம் எத்தகையது என்று ஒரு சொல்லும் பொறிக்கவில்லை. அவர்களுக்கு அது வேண்டியிருக்கவில்லை. கண்ணால் கண்டவர்கள் அவர்கள். வேண்டியிருப்பது நமக்கு.

அப்படியானால் கண்டவர் சொல் எங்கேனும் நமக்குக் கிடைக்குமா? கிடைக்கிறது. புறநானூற்றில் 80 முதல் 85 வரையுள்ள ஆறு பாடல்களும் ஒரே மற்போரையும் அதிற் பொருத வீரனையும் பற்றியவை. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி, முக்காவல் நாட்டு ஆமூரில் ஒரு மல்லனோடு பொருது வென்றான். முதல் மூன்றைப் பாடியவர் சாத்தந்தையார். பின் மூன்றைப் பாடியவர் பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார். சாத்தந்தையார் பிடிகளைக் கூர்ந்து நோக்கியவர். ஒரு கால் எதிரியின் மார்பில் ஊன்ற, மற்றொரு கால் அவனுடைய சூழ்ச்சியைத் தடுத்து முதுகுப்புறம் வளைந்தது என்று வருணிக்கிறார். பசித்த யானை மூங்கிலைத் தின்னும்போது தலையும் அடியும் ஒருங்கே முறிவது போல அம்மல்லன் முறிந்தானாம். வேகத்தை உரைக்க அவர் கூறும் உவமை இன்னும் வியப்புக்குரியது. ஊரில் திருவிழா நெருங்கிவிட்டது, வீட்டில் மனைவிக்குப் பிள்ளைப்பேறு, மழையோ கொட்டுகிறது, பொழுதும் சாய்கிறது. அந்த வேளையில் கட்டிலுக்கு வார் பின்னிக்கொண்டிருக்கும் தொழிலாளியின் கையிலுள்ள ஊசி எவ்வளவு விரைந்து செல்லுமோ, அவ்வளவு விரைவில் முடிந்ததாம் அப்போர். கடிகாரமும் திரைப்படக் கருவியும் இல்லாத காலத்தில் வேகத்தை அளந்து காட்ட இதனினும் சிறந்த வழி எனக்குத் தோன்றவில்லை.

ஆயினும் நக்கண்ணையாரின் இறுதிப் பாட்டு நம் வழக்குக்கு இன்னும் பெரிய சாட்சி. அவன் வென்றான் என்று ஒரு சாரார் கூறுகின்றனர். வெல்லவில்லை என்று மற்றொரு சாரார் கூறுகின்றனர். இருதிறத்தாரும் அவ்வூரார், இருதிறத்தாரும் அதே போரைப் பார்த்தவர்கள். புலவரோ சிலம்பு ஒலிக்க ஓடித் தம் வீட்டுப் பனையின் அடியில் சாய்ந்து நின்று, அவன் வென்றதைத் தாமே கண்டதாகச் சொல்கிறார். அவர் அவனிடம் காதல் கொண்டவர் என்பதையும் நாம் நினைவிற் கொள்ளவேண்டும்! ஒரே நாளில், ஒரே களத்தில், கண்ணெதிரே நடந்த போரைப் பற்றியே ஊர் இரண்டுபட்டது என்றால், நூறாண்டு இடைவெளியில் வாழ்ந்த இருவரைப் பற்றி உலகம் இரண்டுபடுவதில் வியப்பென்ன?

இதே புலவர் மற்றொரு பாட்டில், அவ்வீரன் கூழ் உண்டும் பெருந்தோளன் என்று பெருமைப்படுகிறார். கேழ்வரகுக் களியும் கூழும் உண்டு வளரும் தருமபுரி இளைஞர்கள் அப்பாடலைத் தேடிப் படிப்பது நலம்.

புலவர் வாக்கு போகட்டும், நாளும் நேரமும் குறித்த சான்று வேண்டும் என்பீர்களாயின், இந்திய மற்போரின் தலைசிறந்த பெயருக்கு வருவோம். காமா எனப்பட்ட குலாம் முகமது 1910-இல் இலண்டனுக்குச் சென்றார். உயரம் ஐந்தடி ஏழு அங்குல அளவே. அங்கே நடந்த பந்தயத்தில் அவரைச் சேர்த்துக்கொள்ள முதலில் மறுத்தார்கள். அவர் வெளிப்படையாக அறைகூவல் விடுத்து, அமெரிக்கரான பெஞ்சமின் ரோலர் முதலியோரை வீழ்த்தியபின் வாயில் திறந்தது. 1910 செப்டம்பர் 10-ஆம் நாள் போலந்து நாட்டு ஸ்பிஸ்கோ அவரை எதிர்த்து நின்றார். நின்றார் என்று சொல்வதும் முற்றும் சரியன்று. பெரும்பொழுது குப்புறப் படுத்துக் கிடந்தார். அவ்வளவு பெரிய உடலைப் புரட்டிப்போட காமாவால் இயலவில்லை. இரண்டரை மணி நேரத்துக்கு மேலாகியும் முடிவு ஏற்படாமற் போட்டி நின்றது. மறு வாரம் மீண்டும் பொருத வேண்டிய நாளில் ஸ்பிஸ்கோ வரவேயில்லை. பந்தயக் கச்சை காமாவுக்கு அளிக்கப்பட்டது.

பதினெட்டாண்டுகள் சென்றன. 1928 சனவரியில் பட்டியாலாவில் அதே இருவரும் மீண்டும் எதிர்ப்பட்டனர். இருவரும் ஐம்பதை எட்டும் வயதினர். இம்முறை போட்டி இந்திய முறையில் நடந்தது. ஒரு நிமிடம் ஆகுமுன் ஸ்பிஸ்கோ மண்ணில் மல்லாந்தார்.

இதைச் சற்று எண்ணிப் பாருங்கள். காலத்தால் வேறுபட்ட இருவரை ஒப்பிடவில்லை நாம். அதே காமா, அதே ஸ்பிஸ்கோ. முதன்முறை இரண்டரை மணி நேரம் போதவில்லை. மறுமுறை ஒரு நிமிடம் தேவைப்படவில்லை. 1910-ஆம் ஆண்டுச் செய்தியை மட்டும் படித்தவர் ஒரு தீர்ப்பும், 1928-ஆம் ஆண்டுச் செய்தியை மட்டும் படித்தவர் மற்றொரு தீர்ப்பும் சொல்வர். களம் மாறிற்று, முறை மாறிற்று, வயது மாறிற்று.

முறை என்ற சொல்லை விளக்கினால்தான் குத்துச்சண்டை வழக்கின் பாதி விளங்கும். 19-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் மேனாட்டுக் குத்துச்சண்டை வெறுங்கைப் போராகவே இருந்தது. எதிரியைப் பற்றி இழுத்து வீழ்த்தவும் செய்யலாம். ஒருவன் கீழே விழுந்தால் அத்துடன் ஒரு சுற்று முடிந்தது. அரை நிமிட ஓய்வுக்குப் பின் அவன் எழுந்து கோட்டருகே வந்து நின்றால் அடுத்த சுற்று. எத்தனை சுற்று என்ற கணக்கே இல்லை. ஜான் சல்லிவனும் ஜேக் கில்ரைனும் 1889 சூலை 8-ஆம் நாள் மிசிசிப்பி மாநிலத்து வெயிலில் 75 சுற்றுகள், இரண்டு மணி நேரத்துக்கு மேலாகப் பொருதனர். மிகை எடைப் பட்டத்துக்காக வெறுங்கையால் நடந்த கடைசிப் போர் அதுவே. 1867-இல் குவின்ஸ்பெரி பிரபுவின் பெயரால் வெளிவந்த விதிகள் கையுறையையும், மூன்று நிமிடச் சுற்றையும், ஒரு நிமிட ஓய்வையும், வீழ்ந்தவனுக்குப் பத்து எண்ணும் வழக்கத்தையும் கொணர்ந்தன. அவ்விதிகளின்படி 1892-இல் கார்பெட்டிடம் சல்லிவன் 21 சுற்றுகளில் பட்டத்தை இழந்தார்.

கையுறை அடி வாங்குபவனைக் காப்பதற்கு என்று பலர் கருதுகின்றனர். உண்மை வேறு. மண்டையோடு கடினமானது, கையெலும்புகள் மெல்லியவை. வெறுங்கையால் தலையில் ஓங்கிக் குத்துபவன் தன் கையையே முறித்துக்கொள்வான். ஆகவே பழைய வீரர்கள் தலையை அளந்தே அடித்தனர். உடலை நாடியே மிகுதியாக அடித்தனர். கையுறை வந்தபின் கை காக்கப்பட்டது. தலை அடிக்கு இரையாயிற்று. சல்லிவன் காலத்துக்கு முற்பட்டவனின் நிற்கும் முறையை இன்று படத்திற் கண்டு நகைப்பவர்கள் இதை மறந்துவிடுகின்றனர்.

ஒரே ஒரு விதி ஒரே மனிதனை எவ்வாறு மாற்றிவிடும் என்பதற்கு டெம்ப்சியே சான்று. 1919 சூலை 4-ஆம் நாள் டொலிடோ நகரில் அவர் தம்மினும் ஏறத்தாழ 60 பவுண்டு மிகுந்த ஜெஸ் வில்லார்டை முதற் சுற்றிலேயே ஏழு முறை வீழ்த்தினார். வீழ்ந்தவன் எழும்போது அருகிலேயே காத்து நின்று அடித்தார். அன்று அதற்குத் தடையில்லை. 1927 செப்டம்பர் 22-ஆம் நாள் சிகாகோவில் ஜீன் டன்னியை அவர் வீழ்த்தியபோது, அடித்தவன் எதிர் மூலைக்குச் சென்று நின்ற பின்னரே எண்ணத் தொடங்கவேண்டும் என்ற விதி நடப்பில் இருந்தது. டெம்ப்சி பழக்கத்தால் அருகிலேயே நின்றார். மத்தியஸ்தர் எண்ணத் தாமதித்தார். டன்னிக்கு ஏறத்தாழ பதினான்கு வினாடி கிடைத்தது, எழுந்தார், போட்டியையும் வென்றார். 1919-ஆம் ஆண்டு விதி அன்றும் இருந்திருந்தால் வரலாறு வேறாகியிருக்கலாம்.

உடலின் அளவும் மாறிவிட்டது. 1952 முதல் 1956 வரை பட்டம் தாங்கிய மார்சியானோவின் எடை 185 பவுண்டு அளவே. இன்று 200 பவுண்டுக்குட்பட்டவர்களுக்கென்று தனிப் பிரிவே இருக்கிறது. மார்சியானோவும் டெம்ப்சியும் அதில்தான் அடங்குவர். இக்கால வீரரான டைசன் ப்யூரியின் உயரம் இரண்டு மீட்டருக்கும் மேல். ஆனால் உடல் பெருத்தவனே வெல்வான் என்று முடிவுகட்டவும் வேண்டாம். 2024 மே 18-ஆம் நாள் ரியாத் நகரில் அந்த ப்யூரியை, அவரினும் ஏறத்தாழ 17 கிலோ குறைந்த உக்ரைன் வீரர் உசிக் வென்றார்.

இவையெல்லாம் ஒருவாறு கணக்கிட்டுச் சரிசெய்யக்கூடிய வேறுபாடுகள். கணக்கிட்டுச் சரிசெய்ய முடியாத ஒன்று உண்டு. பட்டியலில் இல்லாத பெயர்களைச் சொல்லுகிறேன்.

பீட்டர் ஜாக்சன் மேற்கிந்தியத் தீவுகளிற் பிறந்து ஆஸ்திரேலியாவில் புகழ்பெற்ற கறுப்பின வீரர். சல்லிவன் பட்டம் தாங்கிய நாளில் அவரை எதிர்க்கத் தக்கவர் ஜாக்சனே என்று பலரும் கருதினர். சல்லிவனோ கறுப்பினத்தாரோடு மோதமாட்டேன் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். 1891 மே 21-ஆம் நாள் சான்பிரான்சிஸ்கோவில் ஜாக்சனும் கார்பெட்டும் 61 சுற்றுகள் பொருதனர். இருவராலும் இனி இயலாது என்னும் நிலையில் முடிவின்றிப் போட்டி நிறுத்தப்பட்டது. அடுத்த ஆண்டே கார்பெட் சல்லிவனை வென்று உலக வீரரானார். ஆம், 61 சுற்று நின்றும் தம்மால் வெல்ல முடியாத ஒருவர் இருக்கையில் அவர் உலக வீரரானார். ஜாக்சனுக்கு அப்பட்டத்துக்காகப் பொரும் வாய்ப்பு ஒருபோதும் கிடைக்கவில்லை.

ஜாக் ஜான்சன் அந்தச் சுவரை உடைத்தார். டாமி பர்ன்ஸ் என்ற உலக வீரரைப் பின்தொடர்ந்து ஆஸ்திரேலியா வரை சென்று, 1908 டிசம்பர் 26-ஆம் நாள் சிட்னியில் அவரை வென்றார். ஓய்வுபெற்றிருந்த ஜெப்ரீஸை வெள்ளையரின் மானங்காக்க அழைத்து வந்தனர். 1910 சூலை 4-ஆம் நாள் ரீனோ நகரில் அவரையும் ஜான்சன் 15-ஆவது சுற்றில் வீழ்த்தினார். அச்செய்தி பரவிய இரவில் அமெரிக்க நகரங்கள் பலவற்றில் கலகம் மூண்டது; உயிர்கள் போயின. குத்துச்சண்டைப் படங்களை ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்துக்குக் கொண்டு செல்வதை 1912-இல் அந்நாட்டுப் பேரவை தடைசெய்தது. சாட்சியையே ஒளித்துவைக்கும் சட்டம் அது!

1915-இல் ஜான்சன் பட்டத்தை இழந்தபின் வாயில் மீண்டும் அடைபட்டது. இருபத்திரண்டு ஆண்டுகள், 1937-இல் ஜோ லூயி வரும் வரையில், கறுப்பின வீரர் ஒருவரும் பட்டப் போட்டிக்கு அழைக்கப்படவில்லை. இந்த இடைவெளியில் ஹாரி வில்ஸ் டெம்ப்சிக்காகக் காத்திருந்தார். ஒப்பந்தம் எழுதப்பட்டும் போட்டி நடக்கவில்லை. சாம் லாங்போர்டின் கதை இன்னும் வருந்தத்தக்கது. கனடாவின் நோவா ஸ்கோஷியாவிற் பிறந்த அவர் குள்ளமானவர்; ஆயினும் தம்மினும் மிகப் பெரியவர்களை வீழ்த்தியவர். 1906-இல் ஜான்சனிடம் தோற்றார். ஜான்சன் உலக வீரரானபின் அவரை மீண்டும் எதிர்க்க உடன்படவில்லை. ஆம், அடைபட்ட கதவை உடைத்தவரே தமக்குப் பின்னால் அதைச் சாத்திக்கொண்டார். ஜான்சனை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் இதை மறைத்து அவர் புகழைச் சொல்வது முறையன்று. வெளியே நிறுத்தப்பட்ட இவ்வீரர்கள் பிழைப்புக்காகத் தமக்குள்ளேயே மீண்டும் மீண்டும் மோதினர். லாங்போர்டும் வில்ஸும் மட்டும் பதினைந்து முறைக்கு மேல் எதிர்ப்பட்டிருக்கின்றனர். லாங்போர்ட் பார்வை மங்கிய பின்னும் களமேறினார். இறுதியில் முற்றும் பார்வையிழந்து, வறுமையுற்று, 1956-இல் மறைந்தார்.

உலக வீரர் பட்டியல் என்பது வென்றவர் பட்டியல் மட்டுமன்று. களத்துள் விடப்பட்டவர் பட்டியலும் ஆகும். 1892 முதல் 1908 வரையும், 1915 முதல் 1937 வரையும் அப்பட்டியலைப் படிக்கும்போது, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ‘இவரை எதிர்க்க விடப்படாதவர் யார்?’ என்று எழுதிப் படிக்கவேண்டும். வலிமை, வேகம், எடை எல்லாவற்றையும் அளந்து ஒப்பிடும் அறிஞர்கள் பெரும்பாலோர் இந்த ஒன்றை அளப்பதில்லை.

இப்படி அளக்கத் தவறியதன் விளைவை ஓர் இயந்திரமே நமக்குக் காட்டியிருக்கிறது. அது வானொலியோடு தொடர்புடையது ஆதலால் இங்கே சொல்வது பொருத்தம். 1967-இல் அமெரிக்காவில் மர்ரே வோரோனர் என்ற வானொலி நிகழ்ச்சி அமைப்பாளர், பல காலத்து மிகை எடை வீரர்கள் பதினாறு பேரைக் கணிப்பொறி ஒன்றில் மோதவிட்டார். ஒவ்வொருவருடைய வேகம், அடியின் வலிமை, தாங்கும் ஆற்றல் முதலியவற்றுக்குக் குத்துச்சண்டை எழுத்தாளர்களைக் கேட்டு மதிப்பெண் இட்டு, அவற்றை இயந்திரத்துக்குள் செலுத்தினர். அது தந்த முடிவுகளை நேரில் நடக்கும் போட்டிபோல் வருணித்து ஒலிபரப்பினர். மக்கள் ஆவலோடு கேட்டனர். இறுதிப் போட்டியில் டெம்ப்சியை மார்சியானோ வென்றதாக முடிந்தது. முகமது அலியோ கால் இறுதியிலேயே ஜெப்ரீஸிடம் தோற்றதாக இயந்திரம் கூறிற்று. அதே ஆண்டில்தான் வியட்நாம் போருக்குப் போக மறுத்தமைக்காக அலியின் பட்டம் பறிக்கப்பட்டிருந்தது. அவர் தம் பெயருக்கு இழுக்கு என்று பத்து இலட்சம் டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தார்!

பின்னர் சமாதானம் ஏற்பட்டு, 1969-இல் அலியும் மார்சியானோவும் திரைப்படக் கருவியின் முன் மோதுவதுபோல் நடித்தனர். மார்சியானோ ஓய்வுபெற்றுப் பதின்மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. உடலை இளைத்துக்கொண்டு, தலையில் பொய்ம்மயிர் அணிந்து வந்தார். முடிவுகள் பலவகையாகப் படமாக்கப்பட்டன. எந்த முடிவு காட்டப்படும் என்பதை இருவருக்கும் சொல்லவில்லை. படம் வெளிவருமுன், 1969 ஆகஸ்டு 31-ஆம் நாள், விமான விபத்தில் மார்சியானோ மாண்டார். 1970 சனவரி 20-ஆம் நாள் அமெரிக்கத் திரையரங்குகளில் மக்கள் கண்டது, 13-ஆவது சுற்றில் அலியை மார்சியானோ வீழ்த்தும் காட்சி.

இயந்திரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. சட்டியில் உள்ளதுதானே அகப்பையில் வரும்? எழுத்தாளர் மனத்தில் இருந்த மதிப்பு மதிப்பெண்ணாயிற்று, மதிப்பெண் தீர்ப்பாயிற்று. ஆமூரில் பனையடியில் நின்ற நக்கண்ணையாராவது தாம் எவர் பக்கம் என்பதை மறைக்கவில்லை.

சாட்சிகள் எல்லாரும் குறையுடையவர்கள் என்றால், ஒப்பிடவே கூடாதா? கூடும் என்றே கருதுகிறேன். அதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். அது தகடூரிலேயே, அதாவது நம் தருமபுரியிலேயே, இருக்கிறது. அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதாக ஔவையார் தொண்டைமானிடம் சென்ற செய்தியை நீங்கள் பள்ளியில் படித்திருப்பீர்கள். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான். அங்கே வேல்கள் மயிற்பீலி சூட்டி, மாலையிட்டு, நெய் பூசி, காவலோடு அழகாக விளங்கின. ஔவையார் அவற்றைப் புகழ்வதுபோலப் புகழ்ந்து, அதியமானுடைய வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லனின் சிறு கொட்டிலிற் கிடக்கின்றன என்றார். இருவர் வலிமையை ஒப்பிட அப்பெருமாட்டி கண்ட வழி அது. படைக்கலத்தின் பளபளப்பை அவர் எண்ணவில்லை. அது எவரைச் சந்தித்து முறிந்தது என்பதையே எண்ணினார்.

இந்த அளவுகோலைக் கையிற் கொண்டு பட்டியலைப் பாருங்கள். மார்சியானோ 49 போட்டிகளிலும் வென்றவர். தோல்வி என்பதையே அறியாதவர். அது பெருமைதான். தம் காலத்தில் எதிர்ப்பட்ட வால்காட், சார்லஸ், மூர் ஆகியோரை அவர் தவிர்க்கவுமில்லை. ஆனால் அவர்களிற் பலர் இளமை கடந்தவர்கள். 1951-இல் அவரிடம் வீழ்ந்த ஜோ லூயிக்கு அப்போது வயது 37. அலியின் கணக்கிலோ ஐந்து தோல்விகள் உண்டு. எனினும் அவர் சந்தித்தவர்களை எண்ணிப் பாருங்கள். 1964-இல் லிஸ்டன்; மூன்றரை ஆண்டு களமே மறுக்கப்பட்டுத் திரும்பியபின் 1971-இல் பிரேசியர்; 1974-இல் கின்ஷாசாவில் அனைவரும் அஞ்சிய போர்மன்; 1975-இல் மணிலாவில் மீண்டும் பிரேசியர். கொல்லன் கொட்டிலிற் கிடக்கும் வேல் அவருடையது. 1937 முதல் 1949 வரை பட்டத்தைக் காத்து, 25 முறை அதற்காகப் பொருத ஜோ லூயியும் அத்தகையவரே. 1938-இல் ஜெர்மானியரான ஷ்மெலிங்கை அவர் முதற் சுற்றிலேயே, 124 வினாடிகளில் வீழ்த்தினார். வீழ்ந்த வெள்ளையனைக் கண்டு மகிழ்ச்சி காட்டக் கூடாது என்று அவருக்கு அவருடைய மேலாளர்களே கட்டுப்பாடு விதித்திருந்தனர் என்பதையும் அந்த 124 வினாடிகளோடு சேர்த்து எண்ணவேண்டும்.

லூயியா, அலியா என்று என்னை நெருக்கிக் கேட்டால் அலி என்பேன், காரணம் போர்மன். ஆனால் ஆமூரில் மறு சாரார் இருந்ததுபோல உங்களுள்ளும் மறு சாரார் இருப்பர்.

அந்த அலியை நம் தமிழகமே நேரிற் கண்டதுண்டு. 1980-இல் அவர் சென்னை வந்து, நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிசோடு காட்சிப் போட்டி ஒன்று நடத்தினார். அன்றைய முதல்வர் எம்.ஜி.ஆர். வந்திருந்தார், மக்கள் திரண்டனர். பரம்பரை பரம்பரையாகக் குத்துச்சண்டை பயின்று, எந்தப் பரம்பரை பெரிது என்று வாதிட்டுவந்த வடசென்னைக்கு அது திருநாளாக இருந்திருக்கும். அன்று களத்தில் நின்ற எல்லிஸ் யார்? அலியோடு ஒரே ஊரில் வளர்ந்த நண்பர். அலியின் பட்டம் பறிக்கப்பட்ட நாளில் உலகப் பட்டங்களுள் ஒன்றைத் தாங்கியவர். அலி களத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டதால் இடம்பெற்ற ஒரு பெயர் அது. இருவரும் சென்னையில் விளையாட்டாகக் குத்திக்கொண்டார்கள்.

பீட்டர் ஜாக்சனைப் பற்றி ஒரு செய்தி எஞ்சியிருக்கிறது. அவர் காசநோயுற்று 1901 சூலையில் ஆஸ்திரேலியாவின் குவின்ஸ்லாந்தில் இறந்தார். பிரிஸ்பேன் நகரத்து டூவாங் இடுகாட்டில் அவருக்குக் கல் ஒன்று நாட்டியிருக்கிறார்கள். உலக வீரர் என்று அதில் எழுத வழியில்லை. ஷேக்ஸ்பியரின் நாடகம் ஒன்றிலிருந்து எடுத்த மிகச் சிறிய தொடர் ஒன்றைப் பொறித்திருக்கிறார்கள். இவன் ஓர் ஆண்மகன் என்பது அதன் கருத்து.